கொழும்பில் ஆள் சேர்க்கும் உத்தியோகம்: நம்ம பிள்ளைகள் போகலாமா?

போன மாதம் ஒரு நாள் பிரட்டு முடிந்து நான் ஆபீசில் வந்து உட்கார்ந்த நேரம், கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மகள் உயர்தரம் கலைப்பிரிவில் பாஸ் பண்ணிய பிள்ளை. கையில் ஒரு கடிதம். கொழும்பில் ஒரு கம்பெனி நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறது. உத்தியோகத்தின் பெயர் பயிலுநர் ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்ட். தமிழில் சொன்னால் ஆட்சேர்ப்பு ஆலோசகர்.

தகப்பனுக்கு முகம் சரியில்லை. "என்னாங்க ஐயா, ஆளு புடிச்சிக் குடுக்கிற வேலையாம். தரகு வேலைக்கா நான் புள்ளைய ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பாக்கு வெளங்கல சேர். நீங்களே சொல்லுங்க" என்றாள்.

எனக்கும் அன்றைக்கு முழுசாக விளங்கவில்லை என்பதுதான் உண்மை. பிறகு கொழும்பில் இந்த வேலையில் இருக்கும் ஒரு பழைய மாணவரிடமும், நம்ம டிரஸ்டின் தலைமைக் காரியாலயத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளையைப் போல இன்னும் பல பிள்ளைகள் நம்ம தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தத் தகப்பனைப் போலவும் பல பேர்.

முதலில் தகப்பன் பக்கம் பேசவேண்டும். ஆள் சேர்ப்பது என்றாலே நமக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வருவது சும்மா இல்லை. நாமே அப்படிச் சேர்க்கப்பட்டு வந்தவர்கள்தானே. நம்ம பாட்டன் பூட்டன் காலத்தில் துரைமார் கங்காணியின் கையில் முற்பணம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்புவார்கள். கங்காணி தன்னுடைய ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய் ஆள் கட்டிக்கொண்டு வருவார். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆளின் பேரில் கடனாக ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன். கங்காணிக்கோ தன்னுடைய ஆட்கள் வேலைக்கு இறங்கும் கணக்குக்குத் தலைக்காசு. 1904ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியில் ஆள் சேர்ப்பதற்கென்றே ஒரு ஆணையகம் திறந்தார்கள். அங்கிருந்து மண்டபம் கேம்ப் வழியாக எத்தனையோ குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

இதில் மோசமானது துண்டு முறை. ஒரு ஆள் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுகிறேன் என்று துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டும். ஆள் மாறுவார், கடன் கூடவே போகும். 1921ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. 1939ல் இந்திய அரசாங்கம் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வருவதையே தடை செய்தது. கங்காணி ஆள் கொண்டுவந்த காலம் அதோடு முடிந்தது. ஆனால் நம்ம மனதில் அது முடியவில்லை.

அது போன பிறகும் வேறு ரூபத்தில் ஆள் சேர்ப்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தரகர் இல்லாத தோட்டம் உண்டா? 2021ஆம் ஆண்டில் அப்படித் தரகர் மூலமாகப் போன நம்ம மலையகத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பு வீட்டில் தீக்காயம் பட்டு இறந்துபோன செய்தி வந்தபோது லயத்துக்கு லயம் அழுதார்கள். அதை இங்கே விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில், வெளிநாட்டு ஹோட்டலில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு இளைஞர்களுக்கு நான் நன்னடத்தைக் கடிதம் எழ்திக் கொடுத்தேன். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பையனின் அம்மா தோட்டை அடகு வைத்துக் காசு கட்டினார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் போன் கவர் விற்கும் கடை. அந்தத் தோடு மீளவே இல்லை. அந்தக் கடிதத்தின் கொப்பி இப்போதும் என்னுடைய பைலில் இருக்கிறது.

ஆகவே தகப்பன் பயந்ததில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்த உத்தியோகம் இதுவா என்றால், இல்லை. பெயர் ஒன்றுபோலக் கேட்டாலும் ஆள் சேர்க்கும் தொழிலில் மூன்று வகை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் ஒரே தரகாகத்தான் தெரியும்.

ஒன்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர். கொழும்பில் மருதானைப் பக்கம் போனால் இவர்களுடைய போர்டுகளைக் காணலாம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் லைசென்ஸ் எடுத்தவர் மட்டுமே இதைச் செய்யலாம். இரண்டாவது, ஆள் வழங்கும் கம்பெனி. செக்யூரிட்டி, கிளீனிங், பெக்டரியில் பெட்டி தூக்குவது போன்ற வேலைகளுக்கு ஆட்களைத் தானே சேர்த்து, இன்னொரு கம்பெனியில் நிற்கவைத்து, அங்கே வாங்கும் காசில் தன் பங்கை எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கும். மூன்றாவது, கம்பெனிகளுக்குப் பொருத்தமான உத்தியோகத்தரைத் தேடிக் கொடுக்கும் ஆலோசகர் நிறுவனம். அந்தப் பிள்ளைக்குக் கடிதம் வந்தது இந்த மூன்றாவது வகையிலிருந்து.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு ஹோட்டல் கம்பெனிக்குக் கணக்குப் பிரிவில் ஒரு ஆள் தேவை என்று வையுங்கள். பத்திரிகையில் விளம்பரம் போட்டால் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வந்து குவியும். அத்தனையையும் வாசித்து, ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிக் கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை. ஆலோசகர் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள். ஆலோசகர் முதலில் அந்தக் கம்பெனிக்காரருடன் பேசி, என்ன வேலை, என்ன படிப்பு, எவ்வளவு அனுபவம், எவ்வளவு சம்பளம், ஏன் முன்பு இருந்தவர் விட்டுப் போனார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று அந்தப் பழைய மாணவர் சொன்னார். ஒரே கதிரையிலிருந்து ஒரு வருஷத்தில் மூன்று பேர் ஓடியிருந்தால் பிழை ஆளில் இல்லை, கதிரைக்கு மேலே இருக்கிற பெரியவரில்தான் என்று சிரித்தார்.

பிறகு தேடுவது. தன்னிடம் ஏற்கனவே இருக்கும் பயோடேட்டாக்களைக் கம்பியூட்டரில் தேடுவார். இன்டர்நெட்டில் வேலைக்கென்று இருக்கும் பக்கங்களில் விளம்பரம் போடுவார். வேறு இடத்தில் நல்ல வேலையில் இருப்பவருக்கே போன் எடுத்து, இப்படி ஒரு இடம் இருக்கிறது, விருப்பமா என்று கேட்பதும் உண்டு. அகப்பட்டவர்களுடன் பேசி, பொய் எது மெய் எது என்று பார்த்து, நாலைந்து பேரைப் பொறுக்கி கம்பெனிக்கு அனுப்புவார். நேர்முகப் பரீட்சைக்குத் திகதி வாங்குவது, போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது, சம்பளம் பேசி இரண்டு பக்கத்தையும் இணக்குவது, பழைய இடத்தில் விசாரிப்பது எல்லாம் இவர் தலையில்தான். கல்யாணப் புரோக்கர் வேலை மாதிரி இருக்கே என்று நான் சொன்னேன். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் பொருத்தம் பிழைத்தால் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும் என்றார்.

காசு யார் கொடுப்பது? இந்த இடத்தில்தான் கங்காணிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கம்பெனி கொடுக்கும். வேலை தேடி வந்தவர் ஒரு சதமும் கொடுப்பதில்லை. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1997ல் செய்த 181ஆம் இலக்கச் சமவாயமும், தனியார் வேலைவாய்ப்பு முகவர் தொழிலாளியிடம் கட்டணம் அறவிடக்கூடாது என்றுதான் பொதுவிதியாகச் சொல்கிறது. உதாரணத்துக்கு, சேர்ந்த ஆளின் ஒரு மாதச் சம்பளம் 80,000 ரூபா, கட்டணம் ஒரு மாதச் சம்பளம் என்று பேச்சு என்றால், ஹோட்டல் கம்பெனி 80,000 ரூபாவை ஆலோசகர் நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டும். சேர்ந்தவரின் சம்பளத்தில் அது கழியாது. பேசிய காலத்துக்குள் அவர் விட்டுப் போனால், இன்னொரு ஆளை இலவசமாகத் தேடிக் கொடுக்கவேண்டும். அதனால் பொருத்தமில்லாத ஆளைத் தள்ளிவிட்டுக் காசு பார்ப்பது நீண்ட நாளைக்கு ஓடாது. கங்காணிக்கு ஆள் ஓடினால் ஆளின் கடன் ஏறும். இவருக்கு ஆள் ஓடினால் இவருக்குத்தான் நட்டம்.

இதையெல்லாம் கேட்டு மேசையும் கதிரையும் ஏசியும் என்று நினைத்துவிடக் கூடாது. காலை தொடக்கம் மாலை வரை போன்தான். பத்துப் பேருக்கு எடுத்தால் நாலு பேர் எடுக்கமாட்டார்கள், மூன்று பேர் பிறகு பேசு என்பார்கள். எல்லாம் முடிந்து, திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டிய ஆள் ஞாயிறு இரவு போனை நிறுத்திவிடுவார். அவருக்குப் பழைய கம்பெனி சம்பளம் கூட்டிக் கொடுத்திருக்கும். இரண்டு மாத உழைப்பு ஒரு இரவில் போய்விடும். மாதம் இத்தனை பேரைச் சேர்க்கவேண்டும் என்று டார்கெட் உண்டு. கொழுந்துக்கு நோர்ம் இருக்கிற மாதிரிதான். நோர்ம் தாண்டினால் மேலதிகக் காசு, தாண்டாவிட்டால் அடிப்படைச் சம்பளம் மட்டும், அதோடு மனேஜரின் பேச்சு. சேர்ந்து சில மாதத்திலேயே விட்டுப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேராம். ஆள் தேடும் கம்பெனிக்கே ஆள் நிற்பதில்லை! கொழும்பிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் தேடும் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே அந்த நாட்டு நேரத்துக்கு வேலை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இரவில் வாகனம் தருவார்களா என்று முதலிலேயே கேட்கவேண்டும்.

அப்படி என்றால் நம்ம பிள்ளைகளுக்கு இதில் என்ன இடம்? எனக்குத் தெரிந்தவரையில் ஒரு பெரிய இடம் இருக்கிறது, அது பாஷை. தமிழ் நமக்கு வீட்டுப் பாஷை. சிங்களம் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பழகிய பாஷை. இந்த இரண்டும் தடங்கலில்லாமல் பேசுகிற ஆளைக் கொழும்பில் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இங்கிலீஷும் சேர்ந்தால் மூன்று பாஷையிலும் போனில் பேசி ஆளை அளக்கலாம். நம்ம பிள்ளைகளில் பல பேருக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேசத்தான் கூச்சம். போனில் பேசுகிற தொழில் ஆனபடியால் அந்தக் கூச்சத்தை இங்கேயே உதறவேண்டும்.

படிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். தொடக்கத்துக்கு உயர்தரமும் கம்பியூட்டர் பழக்கமும் போதும் என்று எடுக்கிற நிறுவனங்கள் உண்டு. மேலே போக ஆள்முகாமைத்துவம், மனிதவளம் என்ற படிப்பு வேண்டும். இதற்கென்று 1959ல் தொடங்கி, 1976ல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட ஆள்முகாமைத்துவ நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. வேலை செய்துகொண்டே அங்கே படிக்கலாம். ஆலோசகராக இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு, ஒரு பெரிய கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்கே மாறிப் போகிறவர்கள் பல பேர். அங்கே டார்கெட் தொல்லை குறைவு. அந்தப் பழைய மாணவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சம்பளத்தைப் பற்றி. விளம்பரத்தில் கொமிஷனையும் சேர்த்துக் கூட்டி ஒரு பெரிய தொகை போடுவார்கள். அதைப் பார்க்கவேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 2025ஆம் ஆண்டுத் திருத்தப்படி தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் அந்த வருஷம் ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்குக் கீழே சொல்லுகிற கம்பெனி சட்டத்துக்கே கீழே நிற்கிறது. ஆனால் அந்த ஆகக்குறைந்த சம்பளத்தை மட்டும் நம்பி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போர்டிங் எடுத்துச் சாப்பிட்டு பஸ்ஸில் போய்வர முடியாது. முதல் மாதங்களில் கொமிஷன் வராது. வீட்டிலிருந்துதான் காசு போகவேண்டி வரும். இதை மறைத்துப் பிள்ளையை அனுப்பினால், பிள்ளை அங்கே ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டு இங்கே போனில் நல்லா இருக்கேன் என்று சொல்லும். எனக்கு அப்படி இரண்டு பிள்ளைகளைத் தெரியும். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நியமனக் கடிதம் தரவேண்டும், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலைநேரம். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், கம்பெனி 12 வீதம் போடவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பெனி 3 வீதம். இது நம்ம தோட்டத்தில் இருக்கிற அதே கணக்குத்தான். பயிலுநர் என்று சொல்லி இதை விட்டுவிடப் பார்த்தால், நியமனக் கடிதத்தைக் காட்டித் தொழில் காரியாலயத்தில் கேட்கலாம்.

இனி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது. வேலைக்குச் சேர முதல் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், யூனிபோர்ம் காசு என்று எது கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள். அசல் அடையாள அட்டையையோ அசல் சான்றிதழையோ வைத்துக்கொள்ளப் பார்த்தால் கொடுக்கவேண்டாம், கொப்பி போதும். ஆபீஸ் இல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் பேசுகிறவர் யாராக இருந்தாலும் நம்பவேண்டாம். வேலைக்குச் சேர்ந்ததும் நீ இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடு, அவர்கள் காசு கட்டட்டும் என்று சொன்னால் அது ஆட்சேர்ப்பு இல்லை, பிரமிட் வியாபாரம். வெளிநாட்டு முகவர் என்றால் லைசென்ஸ் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணி விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்று இருக்கும் உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

இன்னொன்றும் எழுதவேண்டும். நம்ம பிள்ளைகள் விண்ணப்பம் போடும்போது விலாசத்தில் தோட்டத்தின் பெயரைப் போடத் தயங்குகிறார்கள். கொழும்பில் மாமா வீட்டு விலாசத்தைப் போடுவார்கள். ஏன் என்று கேட்டால், "தோட்டம்னு பார்த்தா கூப்பிடமாட்டாங்க சேர்" என்கிறார்கள். அது எல்லா இடத்திலும் உண்மை என்று நான் சொல்லமாட்டேன், பொய் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பழைய மாணவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: ஒரு கம்பெனி இன்ன ஊர் ஆள் வேண்டாம், இன்ன சாதிப் பெயர் வேண்டாம் என்று வாயால் சொல்லும், எழுத்தில் தராது. ஆலோசகர் அதைக் கேட்டுத் தலையாட்டலாம். அல்லது, நல்ல ஆள் இவர்தான், ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று பட்டியலில் முதலாவதாக வைத்து அனுப்பலாம். இரண்டும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் அப்படி அனுப்பிய மூன்று பேரில் ஒருவரைக் கம்பெனி எடுத்துக்கொண்டதாம். இரண்டு பேருக்குப் பதிலே இல்லையாம். அந்த ஒருவர் எந்தத் தோட்டம் என்று கேட்டேன், சொல்லவில்லை. தொழில் ரகசியமாம்.

அந்தத் தகப்பனிடம் திரும்பி வருகிறேன். நான் இதில் பாதியைத்தான் அன்றைக்கு அவருக்குச் சொன்னேன். "அண்ணே, நீங்களே கூடப் போய்ப் பாருங்க. எங்கயும் காசு கேட்டா புள்ளைய கூட்டிட்டு வந்திருங்க" என்றேன். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, காலை ரயிலில் போனார்கள். கோட்டையில் இறங்கி விலாசம் விசாரித்து, கொள்ளுப்பிட்டியில் ஐந்தாம் மாடியில் அந்த ஆபீசைக் கண்டுபிடித்தார்கள். மகள் உள்ளே இருந்த நேரம் தகப்பன் வெளியே மேசையில் இருந்த பிள்ளையிடம் போய், "ஏம்மா, இங்க காசு யாரு குடுக்கிறது, வேல கேட்டு வர்றவங்களா, வேல குடுக்கிறவங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "கம்பெனிதான் அங்கிள் குடுக்கும்" என்று சொன்னதாம். திரும்பி வந்து என்னிடம் அதை இரண்டு தரம் சொன்னார். இரண்டாவது நேர்முகப் பரீட்சைக்கு வரும் மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது அவருக்கு உத்தியோகத்தைப் பற்றிப் பயமில்லை. போர்டிங்கைப் பற்றித்தான் கவலை.

உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு வரலாம். பயோடேட்டா எழுதவும், மூன்று பாஷையில் போனில் பேசவும் பழக ஒழுங்கு செய்திருக்கிறோம். சான்றிதழ்களின் கொப்பி இரண்டு, பென்சில் ஒன்று கொண்டு வாருங்கள். அசலைக் கொண்டுவர வேண்டாம், என்னிடமும் கொடுக்க வேண்டாம்.